பறை, தந்தி, அம்பா: ஓர் உருப்படி கட்டுவதற்குள் நான் இழந்த 21 மாதங்கள்

2023 ஜூன் முதல் 2025 மார்ச்சு வரை, 21 மாதங்கள், ஒரே ஓர் உருப்படியை, அதாவது ஓர் இசைப் படைப்பை, அமைப்பதில் கழித்தேன். அதற்காகச் செலவிட்ட பணத்தில் எந்தப் பயனும் தராமல் போனதை மட்டும் தனியே கூட்டிப் பார்த்தால் 1,08,100 ரூபாய் வருகிறது. நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள். அந்தப் பணத்தில் பாதிக்கு மேல் என் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்து வந்தது. பரம்பரை இசையிலிருந்தும் குறியீட்டு ஒலிகளிலிருந்தும் புதிய இசை அமைக்க வேண்டும் என்று இன்று பல இளைஞர்கள் ஆசைப்படுகிறார்கள். என்னிடம் கற்கும் பிள்ளைகளிலேயே இருவர் கேட்கிறார்கள். எனக்கு முன்னால் போன யாராவது ஒருவர் என்னை உட்கார வைத்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த இழப்பில் முக்கால் பங்கு நேர்ந்திருக்காது. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

என் தந்தையார் கடலூரில் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவர் காலமானபின் அலமாரியில் துணி சுற்றிய ஒரு பொட்டலம் கிடைத்தது. பிரித்தால், அவர் பழகிய பித்தளைத் தந்திக் கருவி. கைப்பிடியின் கறுப்புக் குமிழ் அவர் விரல் பட்ட இடத்தில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. நம் மொழியில் வீணைக்கும் வயலினுக்கும் கட்டுகிற கம்பியும் தந்திதான். அஞ்சல்காரர் கொண்டுவந்து கொடுத்த செய்தியும் தந்திதான். தந்தி வந்திருக்கிறது என்ற சொல்லைக் கேட்டதுமே, பிரிக்கும் முன்பே வீட்டில் அழுகை தொடங்கிவிடும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். இந்தியாவில் அந்தச் சேவை 2013 ஜூலை 15 அன்று நிறுத்தப்பட்டது. தந்தி வருவதற்கு முன்பு ஊருக்குச் செய்தி சொன்னது பறை. பறைதல் என்றாலே சொல்லுதல். கடற்கரையில் வலை இழுப்பவர்களுக்கு எப்போது இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று சொல்வது அம்பாப் பாட்டு. இந்த மூன்றும் ஒரே உருப்படியில் பேச வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். அந்த ஆசை தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதற்குப் போன வழியில்தான் தவறுகள் நேர்ந்தன.

தந்தி அனுப்பப் பயன்பட்ட மோர்ஸ் குறியீட்டின் கணக்கு இசை தெரிந்தவர்களுக்குப் புரிவது எளிது. மாத்திரை என்று இங்கே நான் சொல்வது மிகச் சிறிய கால அலகை. ஒரு புள்ளி ஒரு மாத்திரை, ஒரு கோடு மூன்று மாத்திரை. ஓர் எழுத்துக்குள் வரும் புள்ளி கோடுகளுக்கு நடுவே ஒரு மாத்திரை மௌனம், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு. ஒன்று, மூன்று, ஏழு என்று பார்த்தவுடன் மூன்றின் கணக்கான திஸ்ரமும் ஏழின் கணக்கான மிஸ்ரமும் கண்ணில் படுகின்றன. உலகமே அறிந்த எஸ்.ஓ.எஸ். என்னும் ஆபத்துக் குறியையே உருப்படிக்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டேன். எஸ் என்றால் மூன்று புள்ளி, ஓ என்றால் மூன்று கோடு, மறுபடி எஸ். எழுத்து இடைவெளிகளையும் சேர்த்துக் கூட்டினால் 27. கடைசியில் சொல் இடைவெளி 7. மொத்தம் 34 மாத்திரை. அந்த 34-ஐ எந்தத் தாளத்தில் அடக்குவது என்று இரண்டு மாதம் போராடினேன். 32 மாத்திரை கொண்ட ஆதி தாளத்தில் போட்டால் இரண்டு மிஞ்சியது. மிஸ்ர நடையில் போட்டால் ஒன்று குறைந்தது. மௌனத்தை இழுத்தும் கோட்டைச் சுருக்கியும் நாற்பது பக்கம் எழுதிக் கிழித்தேன். வகுப்புகளைக் கவனிக்கவில்லை, நான்கு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அதைக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு மாணவியின் உறவினர் வழியாக, கப்பலில் வானொலி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரைக் கடலூர் முதுநகரில் சந்தித்தேன். என் தாளை வாங்கிப் பார்த்தார். விரலால் மேசையில் ஒருமுறை தட்டினார், நிறுத்தினார். "இது மூணு எழுத்தும்மா. நாங்க அனுப்புறது மூணு எழுத்து இல்ல. இடையில விடாம ஒரே மூச்சுல அடிக்கிற ஒரே குறி. இப்படி இடைவெளி விட்டு அடிச்சா அது வேற" என்றார். 1906-இல் பெர்லின் மாநாட்டில் ஏற்கப்பட்டு 1908 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தக் குறி, எழுத்து இடைவெளியே இல்லாமல் தொடர்ந்து ஒலிக்கும் ஒன்பது ஒலிகளின் கோவை. எழுத்துகள் நாம் நினைவில் வைத்துக்கொள்ளச் சூட்டிய பெயர் மட்டுமே. பேருந்தில் திரும்பும்போதே மறுபடி கூட்டினேன். ஆறு புள்ளிக்கு 6, மூன்று கோட்டுக்கு 9, நடுவே எட்டு இடைவெளிக்கு 8, ஆக 23. அதனுடன் சொல் இடைவெளி 7 சேர்ந்தால் 30. சதுஸ்ர ஜாதி ரூபகம் என்ற தாளத்துக்கு ஆறு அட்சரம், அதாவது ஆறு எண்ணிக்கை. கண்ட நடையில் அட்சரத்துக்கு ஐந்து மாத்திரை. ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, சரியாக 30 மாத்திரை. ரெட்டிச்சாவடியைத் தாண்டும்போது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அதை இன்னும் நெருங்கிப் பாருங்கள். முதல் அட்சரத்தில் மூன்று புள்ளிகளும் அடங்குகின்றன. இரண்டாவது மௌனத்தில் தொடங்கி, நடுவில் முதல் கோடு. மூன்றாவதில் இரண்டாம் கோடு தட்டோடு சேர்ந்து விழுகிறது. மூன்றாம் கோடு அந்த அட்சரத்தின் கடைசி மாத்திரையில் கிளம்பி நான்காவதுக்குள் நீள்கிறது. அதனால் நான்காம் தட்டு கோட்டின் வயிற்றில் விழுகிறது. ஐந்தாவதில் கடைசி இரண்டு புள்ளிகள். ஆறாவது அட்சரம் முழுவதும் மௌனம். சங்கதி போட்டுக் கட்டினாலும் இப்படி ஓர் அமைப்பு கிடைப்பது அரிது. வேகமும் இதே போல் பொருந்துகிறது. மோர்ஸில் ஒரு சொல்லின் அளவாக வைத்திருப்பது 50 மாத்திரை, அதாவது கண்ட நடையில் பத்து அட்சரம். ஆகவே நிமிடத்துக்கு 8 சொல் என்ற வேகம், நிமிடத்துக்கு 80 அட்சரம் என்ற காலப்பிரமாணம். ஓர் ஆவர்த்தனத்துக்கு நான்கரை விநாடி. இப்படி வேலை செய்ய விரும்புகிறவர்கள் எந்தக் குறியீட்டை எடுத்தாலும், புத்தகத்தைத் திறப்பதற்கு முன் அதைத் தொழிலாகச் செய்த ஒருவரைத் தேடிப் போங்கள். புத்தகம் சொல்வது குறியின் வடிவத்தை. அதை எப்படி அனுப்புவார்கள், கேட்பவர் என்ன செய்வார் என்பது அந்த மனிதருக்குத்தான் தெரியும். எனக்கு இரண்டு மாதத்தை ஒரு பேருந்துப் பயணம் மிச்சப்படுத்தியிருக்கும்.

அவர் இன்னொன்றும் சொன்னார். அதன் முக்கியத்துவம் எனக்கு அன்று புரியவில்லை. கப்பல்களின் வானொலி அறைக் கடிகாரத்தில் ஒவ்வொரு மணி நேரத்திலும் 15 முதல் 18 வரையும் 45 முதல் 48 வரையும் சிவப்பு வண்ணம் தீட்டியிருக்கும். அந்த மூன்று மூன்று நிமிடங்கள் 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் யாரும் எதுவும் அனுப்பக் கூடாது. எல்லாக் கப்பலும் காது கொடுத்து உட்கார்ந்திருக்க வேண்டும், எங்கேயாவது மெலிதான ஆபத்துக் குறி வருகிறதா என்று. 1999 பிப்ரவரி முதல் கப்பல்கள் செயற்கைக்கோள் வழி அபாய முறைக்கு முழுதாக மாறிய பிறகு அந்த வழக்கம் மறைந்துவிட்டது. "நாங்க அனுப்பக் கத்துக்கிட்டதவிட, சும்மா இருக்கக் கத்துக்கிட்டதுதான் அதிகம்" என்றார்.

அடுத்த மூன்று மாதங்களைத் துறைமுகப் புயல் கூண்டுகளில் செலவழித்தேன். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் 1 முதல் 11 வரை எண்ணிட்டுக் கூண்டு ஏற்றுவார்கள். 1 என்றால் தொலைவில் தாழ்வு மண்டலம். 8 என்றால் கடும் புயல், துறைமுகத்தை இடப்புறம் விட்டுக் கரை கடக்கும். 9 என்றால் வலப்புறம். 10 என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ. 11 என்றால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது. தாய் ராகங்களின் மேளகர்த்தா வரிசையிலும் எண்கள் உள்ளனவே என்று, கூண்டு எண்ணுக்கு அதே எண்ணுள்ள மேளத்தை வைத்தேன். 1 கனகாங்கி, 7 சேனாவதி, 8 தோடி, 9 தேனுகா, 10 நாடகப்பிரியா என்று 11 கோகிலப்பிரியா வரை. ஏழிலிருந்து பத்து வரை தைவதமும் நிஷாதமும் மட்டுமே மாறுவதால், புயல் நெருங்க நெருங்க மேல் ஸ்வரங்கள் மட்டும் நெளிவது தாளில் அழகாகத்தான் இருந்தது. நாகசுரம் வாசிக்கும் நண்பர் ஒருவர் பொறுமையாக வாசித்துக் காட்டிவிட்டு, "இதுல எட்டுன்னு யாருக்குக் கேக்கும்? எனக்கே தோடிதான் கேக்குது" என்றார். அது உண்மை. முதல் ஆறும் ஒன்றோடொன்று உரசும் ஸ்வரங்கள் கொண்ட விவாதி மேளங்கள்; ஒவ்வொன்றையும் நிலைநிறுத்தவே பத்து நிமிடம் வேண்டும். காதில் விழாத குறியீடு இசைக்கு உதவாது என்பதை, எழுதத் தொடங்கிய முதல் வாரத்திலேயே நம்பகமான ஒருவருக்கு வாசித்துக் காட்டி அறிந்துகொள்ள வேண்டும். நான் மூன்று மாதம் கழித்து அறிந்தேன். தோடி மட்டும் மிஞ்சியது.

2024 ஜனவரியில் பறைக் கலைஞர்களிடம் போனேன். கடலூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் ஆறு பேர் கொண்ட குழு. தலைமை தாங்கும் அண்ணனுக்கு என்னைவிட ஏழெட்டு வயது அதிகம் இருக்கும். ஆளுக்கு 800 ரூபாய் வீதம் நான்கு நாள் ஒத்திகைக்கு 19,200. வண்டிச் செலவு 6,400. முதல் நாள் தாளில் மாத்திரைக் கணக்கை எழுதிக்கொண்டு போய் நின்றேன். அண்ணன் தாளைத் தொடவே இல்லை. "வாயால சொல்லுங்க டீச்சர்" என்றார். தகதகிட என்று சொல்லித் தட்டினேன்; இரண்டே முறையில் பிடித்துக்கொண்டார்கள். எனக்குப் பெரிய சிக்கலாக இருந்த ஒன்றையும் அவரே தீர்த்தார். பறையில் ஒலி நீளாது. அப்படியிருக்க ஒரு மாத்திரைப் புள்ளிக்கும் மூன்று மாத்திரைக் கோட்டுக்கும் என்ன வேறுபாடு காட்டுவது? புள்ளியை மெல்லிய சுண்டுக்குச்சியால் ஓரத்தில் தட்டினார். கோட்டை அடிக்குச்சியால் நடுத்தோலில் இறக்கி அதிர விட்டார். கண்ணை மூடிக் கேட்டால் ஒன்று நீளம், ஒன்று குறுகல். அப்பாவின் அலுவலகத்தில் இருந்த பழைய கருவியிலும் நீளும் ஒலி கிடையாது, இரண்டு டக்குகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியைத்தான் காது கோடு என்றும் புள்ளி என்றும் பிரித்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நான்காம் நாள்தான் நான் அந்தப் பேச்சை எடுத்தேன். மூன்றாம் பகுதிக்குச் சாவு அடி வேண்டும். தந்தியும் சாவுச் செய்தி, பறையும் சாவுச் செய்தி, இரண்டும் அங்கே சந்திக்கும் என்று விளக்கினேன். அண்ணன் குச்சிகளைத் தரையில் வைத்துவிட்டார். "டீச்சர், இந்த அடிய நான் இங்க வாசிச்சா, தெருவுல இருக்கறவங்க வெளிய வந்து யாரு போயிட்டாங்கன்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் மெதுவாகச் சொன்னார்: "எங்கப்பா காலத்துல கூப்பிட்ட சாவுக்குப் போகலன்னா அடி விழும். அதுலேருந்து வெளிய வர எங்க தெருவுக்கு இருபது வருஷம் ஆச்சு. இப்ப நீங்க காசு குடுத்து அதுக்கே கூப்பிடுறீங்க." நான் பதில் பேச முடியாமல் நின்றேன். அவர்கள் அன்றே ஒத்திகையை முடித்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் சாவுக்குப் பறை அடிக்க மறுத்ததும், அதே பறையை மேடைக் கலையாக மீட்டெடுத்ததும் ஒரே போராட்டத்தின் இரண்டு பக்கங்கள் என்பதை நான் படித்திருக்கிறேன். படித்தது என் காதுக்கு இறங்கவில்லை. அந்த 25,600 ரூபாயைவிட, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வண்டியேறிய அந்த மாலைதான் இன்னமும் உறுத்துகிறது.

பறையில் ஒவ்வோர் அடிக்கும் பெயரும் இடமும் உண்டு. வாழ்த்தடி, ஒத்தையடி, மாரடி, சாமிச்சாட்டு என்று ஒவ்வொன்றும் யாருக்கோ எதையோ அறிவிப்பது. நெய்தலுக்கு மீன்கோட்பறை, குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை என்று இலக்கணம் நிலத்துக்கொரு பறை வகுத்ததையும் நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள்தான். ஆகவே எந்த அடியையும் எடுக்கும் முன், இது யாருக்குச் சொல்லும் சேதி, எங்கே வாசிக்கக் கூடாது, வாசிப்பவருக்கு இதனால் ஊரில் என்ன பேர் வரும் என்ற மூன்றையும் முதல் சந்திப்பிலேயே, முன்பணம் கைமாறும் முன்பே கேட்டுவிடுங்கள். ஏப்ரலில் நான் திரும்பப் போனபோது அண்ணன் என்னை விலக்கவில்லை. சாவு அடிக்குப் பதில் ஒத்தையடியைத் தொடக்கமாக வைத்தார். அது என் யோசனையைவிட நன்றாக இருந்தது என்பதை அவரிடமே சொன்னேன்.

ஜூன் மாதம் ஒரு மீனவக் குப்பத்தில் கரைவலை இழுப்பதைப் பார்க்கப் போனேன். இரண்டு வரிசையாக நின்று கயிற்றை இழுக்கிறார்கள். முன்னிற்பவர் ஓர் அடியை எடுத்துவிட, மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்குகிறார்கள். எடுப்பில் கை தளர்ந்து முன்னே போகிறது. வாங்குவதில் உடம்பு பின்னால் சாய்ந்து கயிறு கரைக்கு வருகிறது. கை ஓய்வெடுக்கும் நேரத்துக்கு ஏற்பப் பாட்டு நீளும், குறையும். அதில் மாத்திரை எண்ணிப் பயனில்லை. நான் யாரிடமும் சொல்லாமல் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு வந்தேன். வீட்டில் அதன் மேல் கீ கீ என்று மோர்ஸ் ஒலியை ஏற்றி, மாணவிகளுக்கு அனுப்பினேன். அது வாட்ஸப் வழியாக ஆறே நாளில் அந்தக் குப்பத்துக்குத் திரும்பிப் போய்விட்டது.

ஆகஸ்டில் ஊர்ப் பஞ்சாயத்தார் கூப்பிட்டு அனுப்பினார்கள். கோயில் முன் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பேர். யாரும் சத்தம் போடவில்லை. யாரைக் கேட்டுப் பதிவு செய்தீர்கள் என்று கேட்டார்கள். நான் தவறு என்று ஒப்புக்கொண்டேன். அப்போது பின்னால் நின்ற ஓர் அக்கா, 2004 டிசம்பர் 26 அன்று தன் வீட்டில் இருவரைக் கடலுக்குக் கொடுத்தவர் என்று பிறகு அறிந்தேன், "அந்தக் கீ கீ என்னா சத்தம்?" என்று கேட்டார். கப்பல் ஆபத்தில் இருக்கும்போது காப்பாற்றச் சொல்லி அனுப்பும் குறி என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு, "காப்பாத்துன்னு கத்துற சத்தமா? அதுக்கு யாரும் வரலியே, பாட்டு முடியிற வரைக்கும்?" என்றார். பஞ்சாயத்தார் முன்னிலையில் பதிவை அழித்துவிட்டு வந்தேன். ஆனால் மோர்ஸ் ஒலியை மட்டும் நான் விடவில்லை; அது என் அப்பாவின் ஒலி, அதில் அவர்களுக்கு என்ன உரிமை என்று மனம் வீம்பு பிடித்தது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சட்டப்படியும் ஒன்று சொல்ல வேண்டும். நாட்டார் பாட்டுக்கு உரிமையாளர் யாரும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பாட்டு பொதுவாக இருக்கலாம். பாடிய குரல் பொது இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தம் நிகழ்த்துதலின் மேல் 50 ஆண்டு உரிமை தருகிறது. அவர் இசைவின்றிப் பதிவு செய்வதே மீறல். ஒரே பக்கத்தில், அவர்கள் பேசும் தமிழில், எந்த நாள் எந்தப் பாட்டைப் பதிவு செய்கிறோம், எதற்கெல்லாம் பயன்படுத்துவோம், அன்றைய கூலி எவ்வளவு, பின்னால் வருமானம் வந்தால் பங்கு எவ்வளவு, பெயரை எங்கே போடுவோம், வேண்டாம் என்றால் எப்படி நிறுத்தலாம் என்று எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை அவர்களிடமே கொடுங்கள். குழுவாகப் பாடினால் தலைவரிடம் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். பணம் ஒவ்வொருவர் கைக்கும் போகிறதா என்று நின்று பாருங்கள்.

டிசம்பர் 7 அன்று புதுச்சேரியில் அரங்கேற்றம் என்று மண்டபத்துக்கு 25,000 முன்பணம் கட்டிவிட்டேன். அந்த அவசரத்தில் அக்டோபர் கடைசியில், ஐப்பசி மழையில், பறையைப் பதிவு செய்யக் குளிரூட்டப்பட்ட ஸ்டுடியோவை அமர்த்தினேன். அண்ணன் முன்பே எச்சரித்தார். ஈரக்காற்றில் தோல் இறங்கிவிடும்; வைக்கோல் மூட்டிக் காய்ச்சினால்தான் நாதம் ஏறும்; ஏறியதும் அரை மணிக்குள் வாசித்தாக வேண்டும். ஸ்டுடியோ மாடியில் நெருப்பு மூட்ட அனுமதி இல்லை. தெருமுனையில் காய்ச்சி, ஆறு பறைகளையும் துணியில் பொதிந்து மாடிக்கு ஓடுவார்கள். ஒலிவாங்கி சரிசெய்து முடிப்பதற்குள் தோல் மறுபடி தொய்ந்துவிடும். தோலைச் சுண்டிப் பார்த்து அண்ணன் தலையை ஆட்டும் ஒவ்வொரு முறையும் மணிக்கு ஆயிரம் ரூபாய் ஓடிக்கொண்டிருந்தது. 14 மணி நேரம், 14,000. கலைஞர்களுக்கு 9,000, அது அவர்கள் உழைப்புக்கு உரியது, ஆனால் பதிவு தேறவில்லை. தேறியதையும், ஒலிக்கலவை செய்தவர் ஒவ்வோர் அடியையும் கணினியின் கட்டங்களுக்கு நேராக இழுத்து ஒட்டிவிட்டார். அதற்கு 18,000. ஆறு பேர் வாசித்த ஓசை ஒரு பொம்மை தட்டுவது போல் ஆகிவிட்டது. பறையைப் பதிவு செய்ய மாசி பங்குனியில், திறந்த முற்றமுள்ள இடத்தில், காலை வெயில் ஏறியபின் வைத்துக்கொள்ளுங்கள். அடிகளை நகர்த்தக் கூடாது என்பதை முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், மின்சாரம் இல்லை. வயலினைப் பரண்மேல் ஏற்றிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தெருவில் யாரோ ஒருவர் இருட்டில் விட்டு விட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறை கூப்பிட்டு நிறுத்தும்போதும், அந்த இடைவெளியில் பதில் வருகிறதா என்று நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக் கேட்டோம். கடைசியில் இளைஞர்கள் சிலர் கயிற்றோடு போனார்கள். அந்த அக்கா கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆறாவது அட்சரம் நான் நினைத்தது போல் ஓய்வு இல்லை. அனுப்பியவன் காது கொடுத்துக் காத்திருக்கும் நேரம். என் உருப்படியில் அந்த நேரத்தில் யாரும் பதில் சொல்லவில்லை.

அரங்கேற்றம் நின்றுபோனது. மண்டபத்தார் முன்பணத்தைத் தரவில்லை. ஒலிபெருக்கிக்குக் கட்டிய 10,000-மும் போயிற்று. விளம்பரத் தட்டிகள் 6,500. புயல் வெள்ளத்தால் நின்றால் பணம் திரும்பும் அல்லது வேறு தேதி தரப்படும் என்று ஒரு வரி ரசீதில் எழுதி வாங்கியிருந்தால் போதும். இந்தக் கரையில் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரை அப்படி எழுதி வாங்காமல் யாரும் மண்டபத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். 2011 டிசம்பர் 30 தானே புயலைக் கண்ட நானே அதை மறந்திருந்தேன்.

ஜனவரியில் மறுபடி குப்பத்துக்குப் போய்ப் பஞ்சாயத்தாரிடம் அனுமதி கேட்டேன். இந்த முறை பதிவுக் கருவி எதுவும் கொண்டுபோகவில்லை. மோர்ஸ் ஒலியை எடுத்துவிட்டேன் என்றும், 30 மாத்திரை அமைப்பைப் பறை மட்டும் வாசிக்கும் என்றும், ஆறாவது அட்சரத்தில் நீங்கள் அம்பாவில் பதில் எடுக்க முடியுமா என்றும் கேட்டேன். இரண்டு வாரம் கழித்துச் சரி என்றார்கள். ஐந்து பேர், பயிற்சிக்கும் நிகழ்ச்சிக்கும் சேர்த்து 20,000. எழுதிக் கையெழுத்திட்ட தாள் இரண்டு பிரதி. அந்த அக்காவும் ஐவரில் ஒருவர். கடலில் நாங்கள் ஆபத்தைச் சொல்வது துடுப்பில் துணி கட்டி வீசித்தான் என்று அவர் சொன்னார். அதைக் கண்டவன் தானும் ஒரு துணியை வீசிக் காட்டிய பிறகே கையை இறக்குவார்களாம்.

மார்ச்சு மாதம் ஒரு மாலை, கடற்கரை மணலில், மேடை இல்லாமல், ஏறக்குறைய நூறு பேர் முன்னிலையில் வாசித்தோம். வைக்கோல் மூட்டிப் பறைகளைக் காய்ச்சியதைச் சிறுவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அண்ணன் ஒத்தையடியில் தொடங்க, சுண்டுக்குச்சி மூன்று, அடிக்குச்சி மூன்று, மறுபடி சுண்டுக்குச்சி மூன்று, பிறகு கைகள் நின்றன. அக்கா ஏலேலோ என்று எடுத்தார். மற்ற நால்வர் வாங்கினார்கள். அவர்கள் வாங்கி முடிக்க ஓர் அட்சரம் போதவில்லை, இன்னொன்று தேவைப்பட்டது. அண்ணன் குச்சியை உயர்த்தியபடியே அவர்கள் மூச்சு அடங்கும் வரை காத்திருந்து, பிறகுதான் அடுத்த ஆவர்த்தனத்தை இறக்கினார். ஒத்திகையிலும் அப்படித்தான் நேர்ந்தது. நான் திருத்த முயன்று விட்டுவிட்டேன். இப்போது என் தாளில் அந்த ஆவர்த்தனத்துக்கு 30 என்பதை அடித்து 35 என்று எழுதியிருக்கிறேன்.